சாக்குத் தையலும் மூக்கையாவின் வயிறும்

மூக்கையா தும்மினால், கார்ட் கொடி காட்டாமலே நாவலப்பிட்டி ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்பட்டுவிடும். தோட்டத்து உர ஸ்டோரில் தோளுக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, மூன்றாவதை எங்கே வைப்பது என்று யோசிக்கிற ஆள் அவர்.

அப்படிப்பட்டவர் கண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மரக்கட்டை போலக் கிடந்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. ஒப்பரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் மனிதர் இருமமாட்டேன் என்கிறார்!

"இருமாட்டி நெஞ்சுல சளி கட்டும் அண்ணன். காய்ச்சல் வந்திரும். டொக்டரும் சொல்லிட்டுத்தானே போனார்?" என்றார் சகீனா மிஸ்ஸி. அலவத்துகொடைக்காரர். அந்த வார்டில் நர்ஸ்மார் எல்லோருமே 'மிஸ்ஸி'தான்.

மூக்கையா, "க்ம்" என்றார். எறும்பு இருமினால்கூட இதைவிடச் சத்தம் கேட்டிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் கெலிஓயா கடை முதலாளி செல்லப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு நாளைதான் ஒப்பரேஷன். "மலை மாதிரி ஆளு, இருமப் பயமா?"

மூக்கையா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தலையை மட்டும்தான். உடம்பை அசைக்கவில்லை.

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் வந்தது. கூடவே அவர் மகள் பேச்சியம்மாவும் அம்மாவோடு வந்தாள். வயது பத்து. நாவலப்பிட்டியில் பஸ் ஏறியபோது பேசத் தொடங்கியவள், கம்பளை தாண்டி, பேராதனைப் பாலமும் தாண்டி வாயை மூடவில்லை. கண்டக்டர் கடைசியில் யாரிடமோ தலைவலித் தைலம் வாங்கிப் பூசிக்கொண்டார்.

"ஏம்ப்பா இரும மாட்டேங்கிறீங்க?"

"சும்மா இரு புள்ள."

அப்பாவின் வலது கை வயிற்றுக் கட்டின் மேலேயே இருந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் அசையவில்லை. பேச்சி குனிந்து பார்த்தாள். பிளாஸ்டர் ஓரத்தில் கறுப்பு நூல் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. அதைத்தான் அப்பா விரலால் அமுக்கிப் பிடித்திருந்தார்.

பேச்சிக்குச் சட்டென்று விளங்கியது. உரச் சாக்கின் வாயை மெஷினில் தைத்திருப்பார்கள். அப்பா சரியான நுனியைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பு இழுப்பார். 'சர்ர்ர்!' முழுத் தையலும் கழன்று உரம் கொட்டும்.

தன் வயிறும் அப்படிக் கழன்றுவிடும் என்று நினைக்கிறார்!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

சொல்லிவிடலாம். ஆனால் செல்லப்பாவின் காது இரண்டும் முறம் போல விரிந்திருந்தன. பேச்சி மருந்து வண்டியருகே போய் மிஸ்ஸியின் காதில் கிசுகிசுத்தாள்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "இருமுங்க இருமுங்கண்டேனே, ஏன் இருமல்லண்டு நான் கேக்கவே இல்லியே மகள்" என்றார்.

"வாயால சொன்னா நம்ப மாட்டாரு மிஸ்ஸி. அவரே இழுத்துப் பாக்கணும். ஒரு தலையணையில தச்சுக் காட்டுங்க."

மிஸ்ஸி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மூக்கையா பக்கத்தில் உட்கார்ந்தார். ஓரம் கிழிந்த தலையணையொன்றை மடியில் வைத்துத் தைத்தார். ஒரு தையல், ஒரு முடிச்சு, ஒரு வெட்டு. பிறகு அடுத்தது.

"அண்ணன், நூல் அவுக்கிறதுல ஒங்கள மிஞ்ச ஆளில்லியாமே. இத அவுங்க, பாப்பம்."

மூக்கையாவுக்குத் தொழில் கௌரவம் தலைதூக்கியது. இடது கையால் இழுத்தார். வரவில்லை. தன்னை மறந்து வலது கையையும் எடுத்தார்! தலையணைதான் வந்தது, தையல் வரவில்லை. மிஸ்ஸி ஒரு முடிச்சைக் கத்தரித்துக் கொடுத்தார். அந்த ஒன்று மட்டும் உருவிக்கொண்டு வந்தது. மற்றவை, 'அவன் யாரோ, நாங்கள் யாரோ' என்று அப்படியே இருந்தன.

"ஒன்னு போனாலும் மத்தது போவாதா மிஸ்ஸி?" என்று மெதுவாகக் கேட்டார்.

மிஸ்ஸியும் குரலைத் தாழ்த்தினார். "போகாது. ஒவ்வொண்டுக்கும் தனி முடிச்சு. ஒங்கட வயித்துலயும் இப்படித்தான்."

தலையணையை அவர் வயிற்றில் வைத்தார். அதன்மேல் அவர் கைகள். அவற்றின்மேல் தன் கை. "கொஞ்சம் நோகும். நான் புடிச்சிட்டு ஈக்கிறேன். இப்ப இருமுங்க."

மூக்கையா கண்ணை மூடினார். இருமினார்.

ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. கண்டி வாவியிலிருந்த நீர்க்காகங்கள் எல்லாம் எழும்பி மடவளைப் பக்கம் பறந்தன. மூக்கையா வயிற்றைத் தடவிப் பார்த்தார். எதுவும் கொட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேச்சி வந்தபோது, ஒப்பரேஷன் முடிந்த செல்லப்பா மரக்கட்டை போலக் கிடந்தார்.

"இருமுங்க" என்றார் மிஸ்ஸி.

"க்ம்."

மூக்கையா மெல்ல எழுந்து நடந்து போனார். தன் தலையணையைச் செல்லப்பாவின் வயிற்றில் வைத்தார்.

"பயப்படாம இருமுங்க மொதலாளி. வயிறு என்னா உரச் சாக்கா, அவுந்து கொட்ட?"

மிஸ்ஸி ஓரக்கண்ணால் பேச்சியைப் பார்த்தார்.

பேச்சியம்மா வாயைத் திறக்கவே இல்லை. அவள் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.