தேதி போடாத ஜோடி

மழை காலையிலிருந்தே விடவில்லை. ஆர்ச்சி வெண்டலின் குதிரை வண்டி சட்டசபைப் படிக்கட்டில் வந்து நின்றபோது பிற்பகல்தான். ஆனாலும் தென்கோளத்தின் ஜூன் மாதக் குளிரில் வானம் கறுத்துக் கிடந்ததால் உள்ளே அதற்குள் கேஸ் விளக்குகளை ஏற்றிவிட்டார்கள். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும், சாப்பாட்டு அறையில் ஆட்டுக்கறி வேகும் மணமும் கலந்து வாசல்வரை வந்தன.

வாயிற்காவலர் கார்கில் கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க மந்திரி ஐயா. இன்னைக்குச் சந்தை மாதிரி கூட்டம். நிக்கக்கூட இடமில்ல."

"என் சம்சாரத்துக்கு மட்டும் ஒரு இடம் பிடிச்சுக் குடுங்க, கார்கில். நான் அரசாங்கத்தைக் காப்பாத்தறதைப் பார்த்தே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

லெட்டி சிரித்தாள். "காப்பாத்து, வேண்டாங்கலை. ஆனா சாப்பாடு ஆறிப் போறதுக்குள்ள வீட்டுக்கு வந்து சேரு, ஆர்ச்சி." பாவாடை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் மாடத்துக்குப் படியேறிப் போனாள்.

ஆர்ச்சிக்கு 'மந்திரி ஐயா' என்று கேட்பது இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே இனித்தது. அந்த நாற்காலி அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பது அந்தக் காலனியில் எல்லோருக்கும் தெரியும். அவன் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் உறுப்பினருக்கு உடம்பு முடியாமல் போனால் எதிர்த்தரப்பில் ஒருவரோடு ஜோடி கட்டிக்கொள்வார். இவர் வர முடியாத நாளெல்லாம் அவரும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நிற்பார். அதனால் பலம் அப்படியே இருக்கும். இதற்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. வெறும் வாய் வார்த்தைதான். சபையில் குடித்துவிட்டுக் குப்புற விழுந்தவர்கள் உண்டு, ஒருவர் தாடியை ஒருவர் பிடித்து இழுத்தவர்கள் உண்டு. அவர்கள்கூட இந்த வார்த்தையை மட்டும் மீறியதில்லை.

ஆர்ச்சி மீறினான்.

ஜோனாஸ் டிரெலோர் வில்லரா ஓடைக்கரைச் சிறு விவசாயிகளின் உறுப்பினர். எதிர்க்கட்சிக்காரர்தான். ஆனால் இருவர் தொகுதியும் பக்கத்துப் பக்கம் என்பதால், ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஒரே கோச் வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்வார்கள். வழியெல்லாம் சண்டை போடுவார்கள், வழியெல்லாம் சிரிப்பார்கள். ஆர்ச்சியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரே டிரெலோர்தான்.

போன மாதம் அவர் மார்ச்சளியில் விழுந்தார். ஓடையின் மேல்பக்கம் ஒரு செம்மறிப் பண்ணைக் கம்பெனி அணை கட்டிக்கொள்ள அனுமதி தரும் மசோதா அந்த வாரம்தான் ஓட்டுக்கு வர இருந்தது. அது நிறைவேறினால் கீழே உள்ள குடும்பங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இருக்காது. ஆர்ச்சி அவர் தங்கியிருந்த அறைக்குப் போனான். அறை முழுக்க யூகலிப்டஸ் தைல நெடி.

"என்கூட ஜோடி கட்டிக்கிறியா, ஆர்ச்சி?"

"இதெல்லாம் கேக்கணுமா? கட்டியாச்சு."

"எது வரைக்கும்?"

தேதி சொல்லித்தான் கட்டுவார்கள். ஆர்ச்சி அவர் முகத்தைப் பார்த்தான். இந்த மனிதர் அதிக நாள் தாங்கமாட்டார் என்று தோன்றியது. தாராளமாகச் சொல்வதால் கைக்காசு ஒன்றும் கரையப் போவதில்லை.

"நீங்க எழுந்து சபைக்கு வர்ற வரைக்கும். அது வரைக்கும் என் ஓட்டு விழாது. போதுமா?"

டிரெலோர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை நம்பித்தான்ப்பா நான் இன்னைக்குத் தூங்கப் போறேன்."

அந்த வாரம் ஓட்டெடுப்பு மணி அடித்தபோது ஆர்ச்சி சொன்னபடி தாழ்வாரத்தில் ஒதுங்கித்தான் நின்றான். முதல்வர் சர் மார்ட்டிமர் கைல் வந்து அவன் முழங்கையைத் தொட்டார். "நிலத்துறை காலியா இருக்கு, வெண்டல். உள்ள வந்தா உனக்கு. வெளிய நின்னா இன்னொருத்தனுக்கு."

அவன் உள்ளே போனான். அவனோடு சேர்ந்து இரு பக்கமும் சமமாகி, மசோதா சபாநாயகரின் ஒரே ஓட்டில் நிறைவேறியது.

சேதியைக் கேட்ட டிரெலோர் நம்பவில்லையாம். "ஆர்ச்சியா? இருக்காது" என்றாராம். இன்னொருவர் வந்து சொன்னபோதும் "இருக்காது" என்றார். கடைசியில் சபையிலிருந்தே ஒருவர் நேராக வந்து சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். விடிந்து பார்த்தால் உயிர் இல்லை. அவர் வாய்விட்டுத் திட்டியிருந்தால் ஆர்ச்சிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அந்த 'இருக்காது' மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சபை கூடுவது இன்றுதான். கூடிய முதல் நாளே எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டது. அணை மசோதாவை அன்று எதிர்த்து ஓட்டுப் போட்ட அரசாங்கத் தரப்பினர் சிலர் கோபத்தில் கட்சியே மாறியிருந்தார்கள். ஆர்ச்சியையும் சேர்த்தால் இரு பக்கமும் சரிசமம். சமமாக வந்தால் சபாநாயகர் தன் ஓட்டை அரசாங்கத்துக்குப் போடுவார். ஒரு தலை குறைந்தாலும் அரசாங்கம் கவிழும், ஆர்ச்சியின் நாற்காலியும் அதோடு போகும்.

கொறடா பில்ப்ரோ பின்னாலிருந்து குனிந்து கிசுகிசுத்தார். "எங்கயும் அசையாதே. ஒண்ணுக்குக்கூடப் போகாதே."

"போகலை ஐயா."

"ஜோடி கீடி எதுவும் பாக்கி இல்லையே?"

"டிரெலோர் ஒருத்தர்தான். அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே."

"எந்தத் தேதி வரைக்கும் பேசினே?"

ஆர்ச்சி தயங்கினான். "தேதி பேசலை. அவர் எழுந்து சபைக்கு வர்ற வரைக்கும்னு சொன்னேன்."

பில்ப்ரோவின் முகம் சட்டென்று சுருங்கியது. "தேதி போடாம எவனாவது ஜோடி கட்டுவானா?" பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொள்வது போலத் தோளைக் குலுக்கினார். "சரி விடு. செத்தவரு என்ன கேள்வியா கேக்கப் போறாரு."

பேச்சுகள் நீண்டன. எதிர்வரிசையில் டிரெலோரின் இடம் காலியாக இருந்தது. இடைத்தேர்தல் இன்னும் நடக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதைக்காகக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள். ஆர்ச்சி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். ஆனால் கண் அங்கேயே போய் நின்றது.

அப்போது அந்த இருமல் கேட்டது.

ஈரமான, நெஞ்சு முழுக்கச் சளி கட்டிய இருமல். காலி இடத்திலிருந்துதான் வந்தது. அதற்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழையில் நனைந்தவன் எவனாவது இருமியிருப்பான் என்று ஆர்ச்சி சொல்லிக்கொண்டான். ஆனால் காற்றில் வேறொரு வாசனை கலந்து வந்தது. கம்பளி வாடையையும் கறி மணத்தையும் மெல்ல விலக்கிக்கொண்டு அது அவனிடம் மட்டும் வந்து சேர்ந்தது.

யூகலிப்டஸ் தைலம்.

மணி அடித்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் அரக்கப்பரக்க ஓடி வந்தார்கள். கார்கில் கதவுகளைச் சாத்திப் பூட்டினார். அவரவர் தங்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். ஆர்ச்சி, முதல்வருக்கும் ஒரு பருத்த உறுப்பினருக்கும் நடுவில் இருந்தான். அரசாங்கத் தரப்பை எண்ணுவது பில்ப்ரோவின் வேலை. அவர் விரல் நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார். விரல் முதல்வரிடம் வந்து நின்றது.

அடுத்து அந்தப் பருத்த உறுப்பினரிடம் போனது.

"பில்ப்ரோ," என்றான் ஆர்ச்சி.

விரல் அடுத்தவரிடம் போனது.

"பில்ப்ரோ! என்னை விட்டுட்டீங்க!"

யாரும் திரும்பவில்லை. அவன் எழுந்து நின்றான். பருத்த உறுப்பினர் ஆர்ச்சியின் இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாராளமாகக் காலை அகட்டி நகர்ந்து உட்கார்ந்தார். நின்றிருந்த ஆர்ச்சியின் கோட்டு வாலின்மேல் அவர் தொடை அழுந்தியது. அவருக்கு அது தெரியவில்லை.

பில்ப்ரோ எண்ணி முடித்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விரல் மறுபடியும் அவனைத் தாண்டிப் போனது.

"ஒண்ணு குறையுது," என்றார் தழுதழுத்த குரலில். "வெண்டல் எங்கே?"

"இங்கதான் இருக்கேன்! உங்க மூக்குக்கு முன்னாடி இருக்கேன்!"

முதல்வர் திரும்பினார். அவர் பார்வை ஆர்ச்சியின் முகத்தின்மேல் விழுந்து, அதற்குப் பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது. அவர் நிதானமாகத்தான் பேசினார், ஆனால் சபை முழுவதும் கேட்டது.

"ஓடிட்டான். கல்யாணத்துக்குத் தோழனா நின்னவரையே வித்தவன். நம்மளை விக்கிறதுக்கு அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"பொய்!" என்று கத்தினான் ஆர்ச்சி. "நீங்கதானே வாங்கினீங்க! நீங்கதானே என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தீங்க!"

"என்ன இருந்தாலும் நல்ல வேளை," என்றார் முதல்வர், பக்கத்திலிருந்தவரிடம். "அந்த அணை விஷயத்தை இனிமே அவன் தலையிலயே கட்டிடலாம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

தான் நம்பியவரே கைவிட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் ஆர்ச்சிக்குத் தெரிந்தது. கோபம் வருவதற்குக்கூட நேரமில்லை. 'இருக்காது' என்றுதான் முதலில் தோன்றியது.

அரசாங்கம் கவிழ்ந்தது. எதிர்வரிசையில் தொப்பிகள் பறந்தன. கதவு திறந்ததும் ஆர்ச்சி மாடிப்படிக்கு ஓடினான். லெட்டி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"கார்கில், அவர் எப்போ வெளிய போனார்?"

"நான் பார்க்கலைம்மா. பூட்டின கதவு பூட்டினபடிதான் இருந்தது."

"மணி அடிக்கிற வரைக்கும் மேலேருந்து பார்த்துட்டேதான் இருந்தேன். குனிஞ்சு கையுறையை எடுத்து நிமிர்றதுக்குள்ள காணோம்." அவள் உதட்டைக் கடித்தாள். "என்கிட்டகூடச் சொல்லலை பாருங்க."

"லெட்டி, நான் எங்கயும் போகலை. லெட்டி, இங்க பாரு." அவன் அவள் கன்னத்தைத் தொட்டான்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கதவைச் சாத்துங்க. குளிர் காத்து வருது."

அவள் வண்டியை நோக்கி நடந்தாள். ஆர்ச்சி பின்னாலேயே ஓடினான். வாசலைத் தாண்டிக் கால் வைத்தான். காலுக்கடியில் மழை நனைத்த கல் இல்லை. சபையின் கம்பளம் இருந்தது.

மறுபடி ஓடினான். மறுபடியும் கம்பளம்.

சபை காலியாகிவிட்டிருந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு யாரோ தூரத்தில் போனார்கள். எதிர்வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இரவுச் சட்டை போட்டிருந்தார். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

ஆர்ச்சி முழங்காலில் விழுந்தான். "ஜோனாஸ் ஐயா. தப்புதான். பெரிய தப்பு. என்னை வீட்டுக்கு விட்டுருங்க. லெட்டி காத்துட்டிருப்பா."

அவர் இருமினார். நீளமாக, பொறுமையாக இருமி முடித்தார். திரும்பவே இல்லை.

"நான் இன்னும் எழுந்து வரலையேப்பா," என்றார்.

ஆர்ச்சி வெண்டல் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. லெட்டி கொஞ்ச காலம் துறைமுகத்தில் விசாரித்துப் பார்த்தாள். பிறகு அவன் பேரை எடுப்பதையே விட்டுவிட்டாள். புது அரசாங்கம் அணைச் சட்டத்தை ரத்து செய்தது. வில்லராவில் தண்ணீர் ஓடியது. சபைக்குப் புது உறுப்பினர்கள் வந்தார்கள், போனார்கள், கிழவர்களாகிச் செத்தார்கள்.

ஆனால் அந்தச் சபையில் தலை எண்ணும் வேலையை யாரும் விரும்பி ஏற்பதில்லை. காரணம் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு ஒருசிலர் சொல்வார்கள். மந்திரிகள் வரிசையில் ஓரிடத்தில் விரல் தானாகவே தாண்டிப் போகுமாம். எண்ணிக்கையில் பிழை ஒன்றும் இருக்காது. கணக்கைச் சொல்லத் திரும்பும்போது மட்டும், காதுக்கு மிக அருகில், அழுது அழுது கரகரத்துப்போன ஒரு குரல் கேட்குமாம்.

"என்னை விட்டுட்டீங்க."