கால் மணி நேரத் தீர்ப்பு

விடிந்ததும் பால் காய்ச்ச எழுந்து வந்தவளின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய பெட்டிதான். கூடத்தின் நடுவில் நின்றது. அதை எடுத்தவள் அவளில்லை. உள்ளே இருந்த துணிகளில் ஒன்றைக்கூட அவள் மடித்து வைக்கவில்லை.

"இது... இது எதுக்கு அத்தை?"

மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உங்க அண்ணனுக்கு நேத்தே போன் பண்ணியாச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு வர்றாரு. உடம்பு சரியாகற வரைக்கும் அங்கேயே இரு."

"ரெண்டு வருஷமா சரியாகலையே அத்தை..."

"அதைத்தான்டி நானும் சொல்றேன்!" கத்தி பலகையில் ஓங்கி விழுந்தது. "ரெண்டு வருஷமா ஆகாதது இனிமே இந்த வீட்ல இருந்து ஆகப்போகுதா?"

அவள் கணவனைப் பார்த்தாள். மோட்டார் பட்டறைக்குக் கிளம்ப நின்ற அவன், சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். பொத்தான்மேல் ஒரு மனிதனுக்கு அவ்வளவு அக்கறை இருக்க நியாயமே இல்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "உங்களுக்கும் தெரியுமா? தெரிஞ்சுதான் இருக்கீங்களா?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு வந்திருந்தது ஊர் உலகத்தில் இல்லாத நோய் ஒன்றும் அல்ல. வெள்ளைப்படுதல். கூடவே ஒரு வாடை. குளித்தாலும் போகாத, மீன் கழுவிய தண்ணீரைப் போன்ற வாடை. பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள், பிள்ளைகள் மடியில் வந்து உட்கார்ந்தாலே உடம்பு குறுகிப்போய், கடைசியில் அந்த வேலையையே விட்டுவிட்டாள். தெருவில் இன்னமும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அதுதான் இதில் கொடுமை. கணவனின் அண்ணன் வைத்திருப்பதே மருந்துக் கடை. மாமனார் காலத்துக் கடை. அதனால்தான் மாமியாருக்குத் தெருவில் கடைக்காரம்மா என்று பெயர். "வீட்லயே மருந்துக் கடையை வச்சுக்கிட்டு எவனாவது டாக்டரைத் தேடுவானா?" என்பது அந்தக் குடும்பத்தின் வேதவாக்கு. ஆனால் கல்யாணமாகாத மூத்தாரிடம் தம்பி மனைவி போய் நின்று இந்த மாதிரிச் சங்கதியைச் சொல்ல முடியுமா? அவள் மாமியாரிடம் சொல்வாள், மாமியார் மூத்த மகனிடம் சொல்வாள், மாத்திரை வரும். விழுங்குவாள். ஒன்றும் ஆகாது. மறுபடி சொல்வாள், மறுபடி அதே மாத்திரை வரும். இப்படியே பதினொரு தடவை!

பதினொன்றாவது தடவை மூத்தார் கையை விரித்துவிட்டார். "என் மருந்துக்குக் கேக்காததே கிடையாது. இதுக்கும் கேக்கலேன்னா, இது வெளியிலேருந்து வந்த தொத்தா இருக்கும்மா" என்றார். அம்மாவிடம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வெளியிலிருந்து என்றால்? யாரிடமிருந்து? மறுநாளே அவளுக்குத் தனி வாளி, தனி சோப்பு, தனிக் கொடி. கிருமிநாசினித் திரவம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, இரண்டு வேளையும் அதைக் கலந்து உள்ளேவரை கழுவச் சொன்னாள் மாமியார். கணவன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனான். யாரும் அவளிடம் நேராக எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள்.

இன்று அவள் அழவில்லை. பெட்டியைத் தாண்டி வந்து மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"போறேன் அத்தை. ஆனா ஒண்ணு. பின் தெரு மாடியில ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம். ரத்தம் எடுத்து அனுப்பிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாமாம். அங்கேயே வச்சுப் பாத்து, கால் மணி நேரத்துல என்னன்னு சொல்லிடுறாங்களாம். அதைப் பாத்துட்டுப் போறேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போறேனே..."

கடைக்காரம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நானும் வர்றேன். நீ வந்து சொல்றதை எல்லாம் நம்ப முடியாது. எங் காதால கேக்கணும்."

"வாங்க" என்றாள் மருமகள்.

மாடியில் இரண்டே அறைகள்தான். உள் அறையில் ஒரு கட்டில், ஒரு திரை, ஜன்னலோரம் ஒரு மேஜை. மேஜைமேல் நுண்ணோக்கி, கண்ணாடிச் சில்லுகள், நகத்தளவு காகிதச் சுருள் ஒன்று. டாக்டர் அந்த மேஜையிலேயே பாதி உயிரை விட்டவர் போல ஒல்லியாக இருந்தார்.

"இவங்க உங்ககூட இருக்கலாமாம்மா? வேண்டாம்னா வெளியில உக்காரச் சொல்றேன். இது உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும்."

இரண்டு வருடத்தில் அவளுடைய விருப்பத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும் டாக்டர். அவங்க கேக்கணும்."

திரைக்குப் பின்னால் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பஞ்சு சுற்றிய குச்சிகளோடு டாக்டர் மேஜைக்கு வந்தார். ஒன்றைக் காகிதத்தில் தொட்டதும் மஞ்சள் காகிதம் பச்சையாகத் திரும்பியது. இன்னொன்றைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஒரு சொட்டுத் திரவம் விட்டார். அதே வாடை, பத்து மடங்காகக் கிளம்பி அறையை நிறைத்தது. அவள் அவமானத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டரோ எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டதுபோலத் தலையாட்டினார். மூன்றாவது குச்சியைக் குப்பியில் கலக்கி, ஒரு வெள்ளை அட்டையில் சொட்டவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

கடைக்காரம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். தீர்ப்புக் கேட்க வந்த வாதியின் நிற்பு அது.

கடைசியில் டாக்டர் நிமிர்ந்தார். "வாங்க, நீங்களே பாருங்க. வட்ட வட்டமா செல் தெரியுதா? ஓரமெல்லாம் பொடி தூவின மாதிரி இருக்கே, அது கிருமி ஒட்டியிருக்கறது. உள்ள எப்பவும் நல்ல கிருமியும் இருக்கும், மத்ததும் இருக்கும். நல்லது குறைஞ்சு மத்தது பெருகிடுச்சு. அவ்வளவுதான். நூத்துக்கணக்கான பொம்பளைங்களுக்கு வர்றது. ஏழு நாள் மாத்திரை. ஆமா, கீழ எதை வச்சுக் கழுவறீங்க?"

அவள் பாட்டிலின் பெயரைச் சொன்னாள். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! இருக்கிற நல்ல கிருமியையும் கொன்னுட்டு, வியாதிக்கு வழி விட்டிருக்கீங்களேம்மா! இன்னைக்கே தூக்கிப் போடுங்க."

"அப்போ..." மாமியாரின் குரல் கரகரத்தது. "வெளியிலேருந்து வந்த தொத்து இல்லையா?"

"அதுக்குத்தான் இந்த அட்டை. ரெண்டு கோடு வந்தா தொத்து. ஒண்ணுதான் வந்திருக்கு, பாருங்க."

"அப்படின்னா இவ... இவ தப்பு ஒண்ணும் பண்ணலையா?"

டாக்டரின் முகம் மாறியது. "அம்மா, நடத்தையைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் எங்கிட்ட இல்ல. ரெண்டு கோடே வந்திருந்தாலும் யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு இந்த அட்டை சொல்லாது. என்ன மருந்து குடுக்கணும்னு மட்டும்தான் சொல்லும்."

பிறகு, பதினோரு தடவை சாப்பிட்டது இதுதான் என்று மருமகள் நீட்டிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதையா பதினோரு தடவை சாப்பிட்டீங்க? இது பூஞ்சைக்கு. நமைச்சல் இருக்கறவங்களுக்குக் குடுக்கறது. உங்களுக்கு நமைச்சல் இருந்துச்சா?"

"ஒரு நாள்கூட இல்லையே டாக்டர்! வாடைன்னுதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாடைன்னுதான்..."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமியாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த மறுகணம் அவளுக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. வாடை என்று அவள் சொன்னதை, மாமியார் மகனிடம் நமைச்சல் என்று சொல்லியிருக்கிறாள்! வேர்க்குருவுக்கும் வருவது நமைச்சல்தானே. பெற்ற மகனிடம் சொல்லத் தகுந்த கௌரவமான சொல். மற்றது வாயில் வருமா? எல்லாம் பொம்பளை வியாதிதானே, மருந்து ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வேலை போயிற்று, ஒரு படுக்கை பிரிந்தது, ஒரு பெண்ணின் பெயர் கெட்டது.

இரண்டு பேரும் படியிறங்கி, தெருவைத் தாண்டி, மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடையில் அண்ணன் தம்பி இருவரும் இருந்தார்கள். முடிவு தெரிந்துகொள்ளப் பட்டறையிலிருந்து பாதி வேலையில் வந்திருந்தான் கணவன். இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். மருமகள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். மூத்தார் படித்தார். மறுபடியும் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இது வேற மருந்தாச்சே... வாடையோட வர்றதுக்குல்ல இது? நமைச்சல்னுதானே சொன்னீங்க? நான் அதுக்குத்தானே ரெண்டு வருஷமா குடுத்தேன்?"

கணவன் அவள்மேல் பாய்ந்தான். "என்ன வியாதின்னுகூட ஒழுங்கா சொல்லத் தெரியாதா உனக்கு? படிச்சவதானே நீ? உன்னால வீடே ரெண்டுபட்டுப் போச்சே!"

அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், இரண்டு வருடப் பழி துடைத்ததுபோல் போய்விடும். பக்கத்தில் மாமியார் கண்ணாடி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற மகன்களுக்கு முன்னால், கடைக்கு வந்தவர்களுக்கு முன்னால் இந்த வயதில் இவள் தலை குனிந்து நிற்பதா? தான் பட்டது போதும், இன்னொருத்தி படவேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஆமாங்க" என்றாள். "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

"பொய்!"

கடையே அதிர்ந்தது. கடைக்காரம்மாவின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து யாரும் கேட்டதில்லை.

"பொய் சொல்றாடா! எனக்காகப் பொய் சொல்றா! இவ சரியாத்தான் சொன்னா. நாத்தம்டா! நமைச்சல் இல்ல, நாத்தம்! எம் மருமக சொன்னது அது. நான்தான் மாத்தினேன். எம் புள்ளைகிட்ட அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு வரலடா..."

இருமல் மருந்துப் பெரியவர் பாட்டில்மேல் ஒட்டியிருந்த எழுத்துகளை வெகு கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, மெதுவா... ஆளுங்க இருக்காங்க" என்றார் மூத்தார்.

"இருக்கட்டும்! மெதுவாப் பேசித்தானே இவ வாழ்க்கையைக் கெடுத்தேன்!" கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. "உங்கப்பா கடைசி வரைக்கும் இந்தக் கடையிலயே படுத்தாரே, ஏன்னு தெரியுமா உங்களுக்கு? வியாபாரத்து மேல ஆசைன்னு ஊரே மெச்சிச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு இப்படி இருக்குங்கன்னு அவர்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன். பாயைத் தூக்கிட்டுப் போனவர்தான்டா! இவ்வளவு மருந்துக்கு நடுவுல வாழ்ந்தேன், ஒரு மாத்திரை கேக்க எனக்கு வாயில்ல. எனக்கு நடந்ததையேதான் இவளுக்கும் நான்... ஐயோ, நானே..."

அப்பாவின் படம் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தது. அண்ணன் தம்பி இருவருமே அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. மருமகள் மாமியாரின் தோளைப் பற்றிக்கொண்டாள். எத்தனையோ மாதமாகத் தொடவே கூசிய அந்த உடம்பை, கடைக்காரம்மா இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"மன்னிச்சிடுடி... என்னை மன்னிச்சிடுடி என் தாயே..."

"அழாதீங்க அத்தை. போதும்... போதும்."

மூத்தார் மாத்திரையை எடுத்து மேடைமேல் வைத்தார். அவளிடம் நேராக அவர் பேசியதே இல்லை. இப்போது பேசினார். "ஒரு வார்த்தை உன்கிட்டயே கேட்டிருக்கணும்மா. கேக்காம தொத்துன்னு சொன்னவன் நான். தப்பு என் மேலதான்."

கணவன் முன்னே வந்தான். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவளுடைய கையைப் பார்த்துப் பேசினான்.

"உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாங்க. வரட்டும்." அவள் குரல் உயரவில்லை. "என்ன சொல்லி அவரை வரச் சொன்னீங்களோ, அது பொய்னு உங்க வாயால அவர்கிட்ட சொல்லுங்க. எங்கம்மாகிட்டயும் சொல்லுங்க. தெருவுல யார் யார் காதுக்குப் போச்சோ, அவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அத்தையால முடிஞ்சது உங்களால முடியாதா? அதுக்கப்புறம் நான் போறதா, இருக்கறதான்னு நானே சொல்றேன்."

அவன் தலையாட்டினான்.

மாமியார் இன்னும் அவளை விடவில்லை. காதோரம் வாயை வைத்து, வெட்கத்தில் குழைந்து, ஏதோ கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா இன்னும் இருப்பாங்களாடி?"

"எதுக்கு அத்தை?"

"எனக்கு... எனக்கு அது இன்னும் இருக்குடி. வருது, போகுது... முப்பது வருஷமா..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷம்! ஒரே வீட்டில், ஒரே கிணற்றடியில், பக்கத்தில் பக்கத்தில் குளித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்தது ஒரே கஷ்டத்தையா? அழுவதா, சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. மாமியாரின் கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிவிட்டாள்.

"வாங்க அத்தை, போவோம். கால் மணி நேரம்தான். என்ன இருக்கோ, அதை அப்படியே சொல்லுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

இருவரும் கைகோத்துக்கொண்டு கடைப்படியில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.