மெரிட் கட்சி, எஸ்கலான்டே கட்சி

டோரினா வீட்டு கார் ஷெட்டில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை. கார் வெளியே வெயிலில் காயும். ஷெட்டுக்குள் மூன்று மடக்கு நாற்காலிகள், ஒரு பழைய ரேடியோ, ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு, கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. டொலீடோ நாரைகள் அணி பேஸ்பால் ஆடுகிற நாளெல்லாம் ஷெட்டின் கதவு திறந்தே இருக்கும்.

ஒரு நாற்காலி டோரினாவுக்கு. அவளுக்குப் பத்து வயது. இன்னொன்று அவள் அப்பா லாஸ்லோவுக்கு. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மூன்றாவது, பக்கத்து வீட்டு வெர்நெல் அத்தைக்கு. அத்தை வீடு வீடாகத் தபால் கொடுக்கிறவர். அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அப்பாவுக்கு அவர் அக்கா.

அம்மாவுக்கு பேஸ்பாலில் தெரிந்ததெல்லாம், ஆட்டம் முடிந்தால் தரையெல்லாம் விதைத் தோல் கிடக்கும் என்பது மட்டும்தான்.

அந்த வருடம் நாரைகள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அதற்காக ஷெட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. மூவரும் சேர்ந்து புலம்புவார்கள். சேர்ந்து புலம்புவதில் ஒரு சுகம் இருந்தது.

ஜூலை மாதக் கடைசியில்தான் வந்தது வினை.

நாரைகள் அணி டெஷான் மெரிட்டை வேறொரு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டது. மெரிட்டுக்கு இருபத்திரண்டு வயது. அவன் ஓடினால் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அவனுக்குப் பதிலாக வாங்கிய ஆள் ரமோன் எஸ்கலான்டே. வயது முப்பத்தொன்பது. பந்தை அடிக்கிறவனுக்குப் பின்னால் ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர். இருபது வருடம் குந்திக் குந்தி எழுந்ததில் அவருடைய முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தன.

செய்தியைக் கேட்டதும் டோரினா மெரிட்டின் பெயர் போட்ட தன் சட்டையைக் கழற்றி அலமாரியின் அடியில் திணித்தாள். ஐந்து நிமிடம் கழித்து மனசு கேட்காமல் எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை ஷெட்டில் விவாதம் சூடு பிடித்தது. அப்பா சொன்னார், அணியில் இருப்பதெல்லாம் சின்னப் பையன்கள், அவர்களைக் கட்டி மேய்க்க அனுபவசாலி ஒருவர் வேண்டாமா என்று. அணி கடைசி இடத்தில் கிடக்கும்போது அனுபவத்தை வைத்து ஊறுகாயா போடுவது என்று அத்தை கேட்டார். மெரிட் வேகமாக ஓடுவான் சரி, ஆனால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதுதான் அவனுக்குச் சில நாள் மறந்துவிடும் என்றார் அப்பா. எஸ்கலான்டே ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தான் ஒரு தெருவுக்கே தபால் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றார் அத்தை.

இதுவரை டோரினாவுக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகுதான் பேச்சு தடம் மாறியது.

"முட்டி தேஞ்ச ஆளை வீட்டுல உக்கார வைக்கணும் தம்பி. சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வரக் கூடாது," என்றார் அத்தை.

அப்பாவின் முகம் சிவந்தது. "ஒருநாள் உன் தபால் பையைத் தூக்கிட்டு வந்தான்கிறதுக்காக, என்னமோ பெத்த பிள்ளை மாதிரி அந்த மெரிட்டுக்குப் பரிஞ்சு பேசறியே அக்கா."

வெர்நெல் அத்தை எழுந்தார். நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த புல் திட்டைத் தாண்டித் தன் வீட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து இரண்டு ஷெட்டிலும் ஆட்டம் ஓடியது. அப்பாவிடம் ரேடியோ. அத்தையிடம் கைப்பேசி. கைப்பேசியில் எல்லாம் அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும். அதனால் இங்கே அப்பா "அடடா" என்றால், இன்னும் வராத பந்துக்கு அங்கே அத்தை தலையில் கை வைப்பார். கடைசியில் அத்தை டோரினாவைக் கூப்பிட்டு, உன் அப்பாவைக் கொஞ்சம் மெதுவாக வருத்தப்படச் சொல் என்று சொல்லி அனுப்பினார். அப்பா அன்று முழுவதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டே ஆட்டம் கேட்டார்.

டோரினாவுக்கு ஆட்டம் ருசிக்கவில்லை. நாரைகள் ஒருநாள் ஜெயித்தும்கூட ருசிக்கவில்லை.

அம்மா சுட்ட கசகசா ரொட்டியில் நாலு துண்டை டோரினா தட்டில் வைத்து அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தை ரொட்டியை எடுத்துக்கொண்டு, தட்டு நிறைய பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பைத் திருப்பி அனுப்பினார். அப்பா அதை வழித்துத் தின்றார். ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை.

"இந்தச் சண்டை கொஞ்ச நாள் நடக்கட்டுமே. இனிப்பு நல்லா இருக்கு," என்றார் அம்மா.

அம்மா வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் கேட்டது வேடிக்கையாக இல்லை. பேருந்துப் பணிமனையில் அப்பாவின் முட்டியை டாக்டர் பார்க்கப்போகிறாராமே, என்ன ஆகும் என்று கேட்டார். பிரேக்கை மிதித்து மிதித்து வலது முட்டி வீங்கியிருந்தது. டாக்டர் சரி என்று சொன்னால்தான் தொடர்ந்து வண்டி ஓட்ட முடியும்.

"பாத்துக்கலாம்," என்றார் அப்பா. பீன்ஸைத் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, நாலாவது இன்னிங்ஸ் நடக்கும்போது மழை வந்தது. மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே கொட்டியதுதான் இங்கேயும் கொட்டியது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. அத்தையின் ஷெட் மேற்குப் பார்த்தது. கதவு வேறு பழுதாகிப் பாதியில் நின்றுவிட்டது. அத்தை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இன்னும் பின்னால் தள்ளினார். கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

டோரினா குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அத்தை, வாங்க எங்க ஷெட்டுக்கு."

"உங்க அப்பா கூப்பிட்டாரா?"

"நான் கூப்பிடறேன். அது என் ஷெட்டும்தானே."

அத்தை கீழே பார்த்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எழுந்து, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்பா ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அத்தை வாங்கித் தலையைத் துவட்டினார். பிறகு இருவரும் இரண்டு திசையில் மழையைப் பார்த்தார்கள். ரேடியோவில் வர்ணனையாளர் நேரத்தைப் போக்குவதற்காகத் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதைகள் மழையைவிட நீளம்.

டோரினாவுக்கு அப்போது பள்ளியில் நடந்தது ஞாபகம் வந்தது. வகுப்பில் நாய் வளர்க்கலாமா கூடாதா என்று ஒரு விவாதம். டோரினா வளர்க்கலாம் கட்சி. பாதியில் டீச்சர் மணியடித்து, இப்போது எல்லோரும் எதிர்க்கட்சியாகப் பேசுங்கள் என்றுவிட்டார். எதிர்க்கட்சிக்கு என்ன பேசுவது என்று யோசித்தபோதுதான், பக்கத்தில் உட்காரும் பையன் நாயைக் கண்டால் ஏன் வெளிறிப் போகிறான் என்பதே அவளுக்கு உறைத்தது.

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "ஒரு விளையாட்டு ஆடலாம். அப்பா, நீங்க இப்ப மெரிட் கட்சி. அத்தை, நீங்க எஸ்கலான்டே கட்சி."

"இது என்ன கூத்து," என்றார் அத்தை.

"எங்க பள்ளிக்கூடத்துல ஆடுவோம். தோத்தவங்க தரையைக் கூட்டணும்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். விதைத் தோல் கணக்கில்லாமல் கிடந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "மெரிட் நல்லா ஓடுவான்."

"அவ்வளவுதானா? அத்தை இதைவிட நல்லா பேசுவாங்களே."

அப்பா மழையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். "போன ஜனவரியில பனி முழங்கால் அளவு. அக்கா பையோட வழுக்கி நடுத்தெருவுல விழுந்துடுச்சு. பார்த்தவங்க பார்த்துட்டுப் போய்ட்டாங்க. இந்தப் பையன் காரை நிறுத்தி இறங்கி, பையைத் தன் தோள்ல மாட்டிக்கிட்டு, அந்தத் தெரு முழுக்க ஒவ்வொரு வீடா அக்காகூட நடந்திருக்கான். தான் யாருன்னுகூடச் சொல்லல. அப்படி ஒரு பிள்ளை கிளம்பிப் போனா, அது வெறும் ஆட்டக்காரன் போன மாதிரியா இருக்கும்? வீட்டுல ஒரு ஆள் போன மாதிரிதானே இருக்கும்?"

அத்தை துண்டை முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டார். தலை எப்போதோ காய்ந்துவிட்டது.

"இப்ப நீங்க, அத்தை."

"முட்டிதான் தேஞ்சிருக்கு," என்று ஆரம்பித்தார் அத்தை. "கண்ணு நல்லா இருக்கு. கை நல்லா இருக்கு. மூளை எல்லாரைவிடவும் நல்லா இருக்கு. சின்னப் பசங்க பதறும்போது பதறாம இருக்கத் தெரியும். வயசாயிடுச்சுன்னு ஒதுக்கிட்டா யாருக்கு நஷ்டம்? இத்தனை வருஷம் ஒருத்தர்மேலயும் இடிக்காம, ஒருத்தரையும் தள்ளிவிடாம ஓட்டுன ஆளு..."

"எஸ்கலான்டே எதை ஓட்டினார்?" என்று கேட்டாள் டோரினா.

"ஓடுன ஆளுன்னு சொன்னேன்," என்றார் அத்தை அவசரமாக.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினார். "பஸ்ஸை விட்டு இறங்குறப்போ நீ முகத்தைச் சுளிக்கிறதைத் தினமும் பார்க்கறேன் தம்பி. பார்த்துக்கிட்டே அன்னிக்கு அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன். என் வாயை என்னத்தைச் சொல்ல."

"நான் சொன்னது மட்டும் நல்ல வார்த்தையா அக்கா," என்றார் அப்பா.

"பணிமனையில டாக்டர் பார்க்கறாராமே, டோரினா சொன்னா. என்னைக்குப் போகணும்?"

"செவ்வாய்க்கிழமை."

"நானும் வரேன். பாதி வழியில நீ ஓடிப்போகாம பார்த்துக்க ஆள் வேணுமே."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க ஓடறது," என்றார் அப்பா. இப்போது மூவரும் சிரித்தார்கள்.

மழை விட்டது. மைதானத்தில் தார்ப்பாயைச் சுருட்டி எடுத்தார்கள். டோரினா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் நாரைகள் ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கி இருந்தார்கள். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் தளத்தில் எஸ்கலான்டே நின்றுகொண்டிருந்தார். அவர் கடைசித் தளமான வீட்டுத் தளம் வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன்.

அடுத்து ஆடியவன் பந்தை வலது பக்கம் தட்டிவிட்டான். எஸ்கலான்டே கிளம்பிவிட்டார் என்று வர்ணனையாளர் கத்தினார். மூன்றாம் தளத்தைத் தாண்டிவிட்டார், நிற்கவில்லை, வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். பந்தும் வருகிறது. எஸ்கலான்டே தலைகுப்புறப் பாய்ந்து சேற்றில் சறுக்கினார்.

ஷெட்டில் மூன்று பேரும் ரேடியோவின் பக்கம் சாய்ந்தார்கள்.

அவுட்.

"தொட்டுட்டார்," என்று வெர்நெல் அத்தை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "பந்து வர்றதுக்கு முன்னாடியே கை தளத்தைத் தொட்டுடுச்சு. முப்பத்தொன்பது வயசுல ஒரு மனுஷன் சேத்துல விழுந்து வரான். அந்த நடுவருக்குக் கண்ணு எங்க போச்சு?"

"என்ன விழுந்து என்ன அக்கா," என்றார் அப்பா. "மெரிட்டா இருந்தா நின்னுக்கிட்டே வந்திருப்பான். வந்து, தண்ணி குடிச்சுட்டு, தலைசீவிக்கிட்டு நின்னிருப்பான். அந்தப் பையனைப் போய்க் குடுத்தானுங்களே."

"ரேடியோவுல கேட்டுட்டு நீ என்னத்தைப் பார்த்தே?"

"நீ மட்டும் பார்த்தியா?"

குரல் உயர்ந்தது. விதைக் கிண்ணம் இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த டோரினா காலை ஆட்டிக்கொண்டு, முறை வரும்போது தானும் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

அம்மா வேலையிலிருந்து வந்து இறங்கினார். ஷெட் வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜெயிச்சாச்சா?"

"தோத்துட்டோம்," என்றாள் டோரினா சந்தோஷமாக.

"இன்னும் அதே சண்டைதானா?"

"இல்லம்மா. இப்ப அத்தை எஸ்கலான்டே கட்சி. அப்பாதான் மெரிட் கட்சி."

அம்மாவுக்குத் தலை சுற்றியது. "அப்ப நீ எந்தக் கட்சி?"

டோரினா விதையை மென்றுகொண்டே யோசித்தாள்.

"நடுவர் மட்டும் தப்புன்னு சொல்ற கட்சி," என்றாள். அதில் அப்பாவும் அத்தையும் உடனே சேர்ந்துகொண்டார்கள்.