மழைக்கு முந்தின பட்டினி

அன்று மதியம் மெக்கானிக் தட்டைத் தள்ளிவைத்தார். கோபத்தில் தள்ளியிருந்தால் அவர் மனைவி கவலைப்பட்டிருக்க மாட்டாள். பத்து வருஷக் குடித்தனத்தில் அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது வேறு மாதிரி. விரல் நுனியால் சாப்பாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காலையில் பின்னறைக் கண்ணாடித் தொட்டியில் போட்ட கரப்பான்பூச்சியை அவர் வளர்க்கும் டரான்டுலாச் சிலந்தியும் இப்படித்தான் முன்னங்காலால் தொட்டுவிட்டு விலகியது.

மழை வரும்போது அதுகள் சாப்பிடாது, காற்றின் அழுத்தம் குறைவது நமக்கு முன்னால் அதுகளுக்குத் தெரிந்துவிடும் என்று அவர் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்திருந்தது. ஏசி மெக்கானிக் அவர். கோடை முழுக்க ஊரார் அறைகளைக் குளிரவைத்துவிட்டு, மழைக்காலம் வந்தால் வேலையில்லாமல் சிலந்திகளே கதியென்று கிடப்பார்.

"ஒரு வாரமா ஒண்ணுமே சாப்பிடலையேங்க. டாக்டர்கிட்ட போலாமா?"

"புழுக்கம். மழை பெஞ்சா சரியாயிடும்."

அவர் கழுத்துத் தோல் பழைய செருப்பு மாதிரி மங்கிப்போயிருந்தது. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனசு கேட்காமல் தங்கைக்குப் போன் போட்டாள்.

"மாமா என்னைக்குக்கா உன் பேச்சைக் கேட்டாரு? சக்களத்திக்கு எட்டுக் காலு. நீ எப்படிப் போட்டி போடுவே?"

அவளும் சிரித்துவைத்தாள். போனை வைத்ததும் பின்னறைக் கதவையே பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான்.

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அடியோடு நின்று, கொடியில் காய்ந்த துணிகள் அசைவற்றுத் தொங்க, சாக்கடை நாற்றமும் மழைக்கு முந்தின மண்வாடையும் சேர்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்து அறைகளில் தங்க, மின்விசிறியும் நின்றுபோன அந்த அமைதியில் பின்னறையிலிருந்து கண்ணாடியை நகத்தால் மெல்லப் பிறாண்டுவது போன்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்து பார்த்தாள்.

டரான்டுலாக்கள் எல்லாம் தொட்டிகளின் மேல்மூலையில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே தரையில் அவர் மல்லாந்து கிடந்தார். கைகளும் கால்களும் மடங்கி மேல்நோக்கி நின்றன.

"ஏங்க!"

"தொடாதே." உதடு அசையவில்லை.

அந்தக் கிடையை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மல்லாந்து கிடந்த ஒரு சிலந்தியைச் செத்துவிட்டதென்று குப்பையில் போட்டிருக்கிறாள். தோல் உரிக்கும்போது அப்படித்தான் கிடக்கும், அப்போது தொட்டால்தான் சாகும் என்று சொல்லி ஒரு மாதம் அவளோடு பேசாமலிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கலாம். அவளோ, சிலந்தி வளர்ப்பவனின் மனைவியாக, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தாள்.

மழை கொட்டியது. அந்த இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம். ஈரத்துணியை மெதுவாகக் கிழிப்பது மாதிரி. நின்றது. மறுபடி கிழிந்தது.

பிறகு மழை மட்டும்.

உள்ளே போனாள். காற்று கதவை அவளுக்குப் பின்னால் அறைந்தது. ஈரத்தில் உப்பியிருந்த கதவு நிலைச்சட்டத்தில் இறுகிக்கொண்டது.

அவர் அங்கேயே கிடந்தார். உயிரே வந்தது அவளுக்கு. மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

எடையே இல்லை.

நகம் இருந்தது. மோதிரம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்து நெஞ்சுவரை ஒரே பிளவு. காய்ந்த காகிதம்போல் முகம் சரசரத்தது.

கதவை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"கத்தாதே." அலமாரிக்கு மேலிருந்து. அவர் குரல்தான். குழைந்துபோயிருந்தது. "உடம்பு இன்னும் இறுகலை."

அவள் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாதே. பல்லும் இன்னும் மெத்துனுதான் இருக்கு. அது இறுகறவரைக்கும் பசிக்காது."

மேலிருந்து ஈரமாக, எலும்பில்லாமல் ஒன்று இறங்கி அவள் தலைமுடியைப் பாசமாகக் கோதியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.