மிளகளவு துரோகம்

தொலைபேசி அலறியது!

சுலக்ஷனா எடுத்தாள்.

"ஒடனே லேபுக்கு வாங்க!" டைரக்டர் கஜேந்திரன் பதறினார். "நம்ம உருண்டைய வச்சு வெளிநாட்டுல செஞ்ச சோதனை... தோத்துப் போச்சு!"

தலவாக்கலையில், மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் இயங்கியது அந்த லேப். அங்கே தயாராவது மிளகைவிடச் சின்ன, உள்ளே ஒன்றுமில்லாத உருண்டைகள். எரிபொருள் நிரப்பி, எல்லாப் பக்கமும் லேசரால் அடித்தால்... சூரியனுக்குள் நடப்பது அதற்குள் நடக்கும்! ஆனால் உருண்டையின் சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பார்த்துத் தேர்வது சுலக்ஷனா. பெட்டியில் அடைத்து அனுப்புவது அவள் கணவன் நிரோஷன்.

சுலக்ஷனா லேபுக்குள் நுழைந்தபோது அவன் முந்தியே வந்து நின்றான்.

"என்ன செய்ய சேர்... இவ இப்பல்லாம் ஒழுங்காப் பாக்குறதில்ல. நான் சொன்னாலும் கேக்க மாட்டா."

சுலக்ஷனா விக்கித்துப் போனாள். கட்டிய புருஷனா... இப்படி?

"கேஸ் போடப் போறாங்களாம்!" என்றார் கஜேந்திரன். "பெட்டியில மிச்சம் இருந்தத எக்ஸ்ரே எடுத்து அனுப்பியிருக்காங்க. பாருங்க!"

திரையில்... சுவரில் பிறை போல ஒரு மெலிவு.

"சேர்! இது நான் வேணாம்னு கழிச்சது! அப்ப நான் எடுத்த எக்ஸ்ரே படத்தோட வச்சுப் பாருங்க!"

பார்த்தார். அச்சு அசல்!

"அப்ப நல்லதெல்லாம் எங்க? நிரோஷன்..."

நிரோஷன் இல்லை!

"ஸ்டேசனுக்கு த்ரீவீலர்ல போறாரு சேர்!" என்றான் காவலாளி.

சுலக்ஷனாவையும் கஜேந்திரனையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது.

ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் நிரோஷன். கையில் கொழும்புக்கு இரண்டு டிக்கெட்!

"ரெண்டாவது யாருக்குங்க?" என்றாள் சுலக்ஷனா.

பதில் அவர்களை நோக்கி நடந்து வந்தது... தனுஜா! சுலக்ஷனாவின் கூடப் பிறந்த தங்கை!

சுலக்ஷனா தங்கையின் முன்னால் போய் நின்றாள்.

"நீயுமாடி...?"

"கோச்சி வந்துருச்சு, ஏறு தனு!" நிரோஷன் கத்தினான். "உருண்டை பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமாத்தான் இருக்கு அத்தான்... பொலிஸ் ஸ்டேசன்ல!"

அவள் பின்னால் இன்ஸ்பெக்டர்!

"காலையில நல்ல உருண்டையெல்லாம் என் கையில தந்து, வேற கம்பனிக்காரனுக்கு வித்துட்டு ஓடிப்போவோம்னாரு அக்கா. பழிய நீ சுமப்பியாம்! சரினு வாங்கிக்கிட்டு... நேரா பொலிசுக்குப் போனேன்."

"என்னை ஏமாத்திட்டியே தனு!"

அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாயில்லை!

விலங்கு பூட்டினார்கள். சுலக்ஷனா தங்கையின் கையை இறுகப் பற்றினாள். இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"சேர்... ரெண்டு டிக்கெட் எடுத்திருக்காரு. ஒண்ணு ஏன் வீணாப் போகணும்? தொணைக்கு ஒரு கான்ஸ்டபிள அனுப்புங்க!"