மீனுக்கு வைத்த மழைத்தண்ணீர்

“ஐயோ… ஐயோ… அதுல காலக் கழுவாதீங்க!”

பிரியந்தி போட்ட சத்தத்தில் அந்த இளைஞன் ஒற்றைக் காலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தான். ஒரு காலில் சேறு போயிருந்தது, மறுகாலில் முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது. கையில் அவளுடைய ஜக்கு. ஜக்கில்… மூன்று நாளாக அவள் பீப்பாயில் பிடித்துச் சேர்த்த மழைத்தண்ணீர்!

“ஏன்… குடிக்கிற தண்ணியோ?”

“ஆமா.”

“ஆர் குடிக்கிறது?”

“மீனு!”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழையில் நனைந்த இமைகளில் துளிகள் தொங்கின. சிரித்தபோது இரண்டு துளி கன்னத்தில் இறங்கியது. பிரியந்தி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ‘ஆளப் பாரு… பண்ணுறதையும் பண்ணிட்டு சிரிப்பு வேற!’

“அந்த மீனுக்காகத்தான் கொழும்பில இருந்து வாறன். என்ர பேர் சாருஜன். தொட்டியில தண்ணி குறையக் குறையத் தானா நிரப்புற மெஷின் பூட்ட வந்தனான்.”

“நல்லா பூட்டுவீங்க! காலு கழுவுன தண்ணியையா நிரப்பப் போறீங்க?”

ஜக்கைப் பவ்வியமாகப் பீப்பாய் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுகாலின் சேற்றோடேயே நொண்டி நொண்டி உள்ளே போனான். அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்…

மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்தில், தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கிற பங்களா அது. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை குடியிருந்தார், இப்போது ஹோட்டல். முன்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். ஊதாவும் பச்சையுமாக அசைகிற பவளங்கள், கண்ணாடியில் ஊர்கிற நத்தைகள், சிவப்புக் கோடு போட்ட இறால்கள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் மாயாண்டியின் மகள் பிரியந்தி நிஜக் கடலைப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த கடல் இந்த ஐந்தடிதான்.

வெளியே குளிர் எலும்பைக் குத்தும். தொட்டியிலோ இளஞ்சூடு, பக்கத்தில் கணப்பு அடுப்பு வேறு. நாளொன்றுக்குப் பத்து லீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். போவது தண்ணீர் மட்டுந்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் போன அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியில் மட்டம் காட்ட ஒட்டிய நாடாவைப் பார்த்துப் பார்த்து, நாளைக்கு மூன்று தடவை அதை ஊற்றுவதுதான் பிரியந்தியின் வேலை. அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

இப்போது மெஷின் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவன் கண்ணோ… சரி, அதைப் பற்றி என்ன!

மறுநாள் சாருஜன் மேசை மேல் மூன்று விதமான கருவிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதைப் பூட்டலாம் என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். தேநீர் கொண்டுவந்த பிரியந்தி எட்டிப் பார்த்தாள்.

“இது என்னங்க, பந்து மாதிரி?”

“மிதவை. தண்ணி இறங்கினால் இதுவும் இறங்கும், மோட்டர் ஓடும். விலை குறைவு, எல்லாரும் இதைத்தான் வேண்டுறவை.”

“இது வேணாங்க. நத்தை ஏறி ஒக்காந்துக்கும். அதுங்களுக்கு மேல வெளிம்புலதான் எப்பவும் கும்மாளம். நத்தை கனத்துக்குப் பந்து கீழயே நின்னுட்டா, தண்ணி கொட்டிக்கிட்டே இருக்காதா?”

அவன் நிமிர்ந்தான். மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். எந்த வாடிக்கையாளரும் அவனிடம் நத்தையைப் பற்றிச் சொன்னதில்லை.

“அப்ப ஒளியால மட்டம் பார்க்கிற இதைப் பூட்டுறன். அது பிழைச்சால் நிப்பாட்ட, மேல காவலுக்கு ஒரு மிதவை… சரியோ, டீச்சர்?”

“டீச்சரா! நான் பத்தாவதுதாங்க.”

“நான் நத்தைப் பாடத்திலயே பெயில்…”

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் கை தவறி அவள் விரலில் பட்டது. தேநீர்க் கோப்பை ஆடியது… இரண்டு நாள் இப்படித்தான் போயிற்று. பிரியந்தியின் நெஞ்சு சொன்ன பேச்சுக் கேட்காமல் துள்ளிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஹோட்டல் மேனேஜர் ஜெயரத்தினம் வந்து நின்றார். சாருஜனுக்குத் தாய்மாமன், இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“பீப்பாய், வாளி ஒண்டும் வேண்டாமடா. மலை ஓடையிலயிருந்து வாற பீலிக் குழாயை நேரா மெஷினுக்குக் குடு. ஆளே தேவைப்படக் கூடாது.”

வேலை போகப்போகிறது என்று பிரியந்திக்குப் புரிந்தது. ஆனாலும் தன் வேலையை விட அந்த நத்தைகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன.

“சார்… பீலித் தண்ணிய நேரா இழுக்க வேணாங்க. மேல் மலையில தேயிலைக்கு மருந்தடிக்கிற நாள்ல லயத்துல யாருமே அந்தத் தண்ணிய எடுக்க மாட்டோம். முந்தின நாளே புடிச்சி வச்சிக்குவோம். நானும் அதுக்குத்தான் மழைத்தண்ணி ஊத்துறது…”

“வேலை போயிடும் எண்டு பயம் இவவுக்கு!” ஜெயரத்தினம் பெரிதாகச் சிரித்தார்.

பிரியந்தி சாருஜனைப் பார்த்தாள். நத்தையைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தானே, அதே போல் இப்போதும் நிமிர்வான் என்று பார்த்தாள்… அவன் மாமாவைப் பார்த்தான். பிறகு குழாயைப் பார்த்தான்.

“ஒரு வடிகட்டி போடுறன். ஒண்டும் ஆகாது.”

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அவளும் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ‘நமக்கென்ன… படிச்சவங்க, பட்டணத்து ஆளுங்க!’ வீறாப்பு யாரைத்தான் விட்டது?

சாருஜன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினான். மெஷின் அருமையாக வேலை செய்தது. மழை நாளா, மருந்து நாளா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு நாளும் தவறாமல் ஊற்றியது. பிரியந்திக்குத் தொட்டியைத் துடைக்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

பதினைந்தாம் நாள் நத்தைகள் கண்ணாடியை விட்டு ஒவ்வொன்றாக விழுந்தன. பதினெட்டாம் நாள் இறால்கள் விறைத்துக் கிடந்தன. பிறகு பவளங்கள் சுருங்கி, சதை உரிந்து, வெள்ளை எலும்பாக நின்றன. பிரியந்தி ஒவ்வொரு காலையும் வலையில் பிணங்களை அள்ளினாள். அழுதுகொண்டேதான் அள்ளினாள்.

கொழும்பிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்தான் சாருஜன். உப்பை அளந்தான், சூட்டை அளந்தான், மெஷினைக் கழற்றி மாட்டினான். எல்லாம் சரியாக இருந்தன. பின்னால் ஜெயரத்தினம் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“மெஷின்ல பிழையில்லை, மாமா.” கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்கினான். “ஆரோ கை வைச்சிருக்கினம். சவர்க்காரக் கையோ என்னவோ…”

தொட்டியில் கை வைக்கிறவள் ஒருத்திதானே!

‘நான் அன்னைக்கே சொன்னேனே!’ பிரியந்தியின் தொண்டை வரை வந்தது. அதற்குள் அன்று காலையில் பார்த்தது கண்ணில் நின்றது. மலை மேலே, பீலிக்குத் தண்ணீர் எடுக்கிற ஓடையில் குனிந்து, மருந்து டாங்கைக் கழுவிக்கொண்டிருந்தவர்… அவளுடைய அப்பா. தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் விசாரணை எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“மீனுங்க நல்லாத்தான இருக்கு…” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. “நத்தையும் எறாலும் பவளமுந்தான போச்சு… சவுக்காரமா இருந்தா மீனு மட்டும் எப்படிங்க தப்பிச்சிச்சு?”

“வாயைப் பார்!” என்றார் ஜெயரத்தினம். “நாளையிலயிருந்து வர வேண்டாம்.”

சாருஜன் குனிந்து பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். நிமிரவேயில்லை.

அன்று அவள் இறங்கி வந்த ஒற்றையடிப் பாதையில் மழை கூட இல்லை. இருந்திருந்தால் முகத்தையாவது மறைத்திருக்கும்.

லயத்துக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. ‘அந்தப் புள்ள கை பட்டு எல்லாஞ் செத்துப்போச்சாம்’ என்று பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள். விடியக்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கப் பேர் கேட்டாள். “பங்களாவுல நின்னுபுட்டு உனக்கு மலை ஏற முடியுமா? அடுத்த மாசம் பாப்போம்,” என்றார் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு. அப்பாவோ ஒன்றும் கேட்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய நகக்கண்களில் எப்போதும் இருக்கிற அந்த மருந்து நீலம்… அதைப் பார்க்கப் பார்க்கப் பிரியந்திக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம், நல்ல மழையில், லயத்து வாசலில் வந்து நின்றான் சாருஜன். கையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் தண்ணீர் நீலமாக இருந்தது.

“நீங்கள் அண்டைக்கு ஒண்டு கேட்டனீங்கள். மீன் மட்டும் எப்பிடித் தப்பினது எண்டு. அஞ்சு நாளா அந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடேல்லை. திரும்பி வந்து தொட்டித் தண்ணியில சோதனைத் திரவம் விட்டுப் பார்த்தன், நீலமாச்சு… தாமிரம். மீன் தாங்கும். மற்றதுகள் தாங்காது. பீலித் தண்ணியிலயும் இருக்கு.”

பிரியந்தி அவனை உள்ளே கூப்பிட்டாள். வந்தவரை நிற்க வைக்கக் கூடாதென்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாய்க்குக் கொண்டு போய், பாதியில் நிறுத்தினான்.

“இதுவும் பீலித் தண்ணிதானோ?”

“வேற எது இருக்கு? பயப்படாதீங்க, மருந்து இல்லாத நாள்ல புடிச்சது.”

“மருந்தடிக்கப் போறதை முதல் நாளே சொல்லாட்டில்?”

“சொல்லாட்டி…” அவள் அடுப்பைப் பார்த்தாள். “குடிச்சிருப்போம்.”

அவன் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. செத்த பவளத்துக்காக அவன் ஓடி வந்திருந்தான். இங்கே இத்தனை வருடமாக யாரும் ஓடி வரவில்லை.

அப்போதுதான் மாயாண்டி உள்ளே நுழைந்தார். தோளில் மருந்து டாங்க். சாருஜனின் கண் அவருடைய நகத்தில் நின்றது… பிறகு கண்ணாடிக் குழாய்க்கு வந்தது. பிரியந்தி பதறிக் குறுக்கே வந்தாள்.

“அப்பாவச் சொல்லிடாதீங்க! தோட்டத்துல நிப்பாட்டிருவாங்க. என் பேரு போனது போனதாவே இருக்கட்டும்.”

மாயாண்டி மகளை வெறித்துப் பார்த்தார். மெதுமெதுவாக அவருக்கு விளங்கிற்று.

“இதுக்குத்தான் வாய மூடிக்கிட்டுக் கெடந்தியா, புள்ள?” டாங்கை இறக்க அவருக்குக் கை வரவில்லை. “கீழ டாங்கு கழுவுற கொழா ஒடஞ்சி ரெண்டு வருசம், தம்பி. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப்போச்சி. இனிமே எம்புட்டுத் தூரமானாலும் பீலிக்குக் கீழ போய்க் கழுவுறேன். எம் புள்ள மேல பழி வேணாம்.”

சாருஜன் பாதியில் நிறுத்திய தேநீரை எடுத்துக் குடித்தான். முழுதும் குடித்தான். பிறகு மழையில் இறங்கிப் போய்விட்டான். என்ன செய்வானோ என்ற பயத்திலேயே அவளுக்கு விடிந்தது.

காலையில் பங்களாவிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. சமையலறை வாசலில் கால் வைக்கும்போதே ஜெயரத்தினத்தின் குரல் கேட்டது.

“ஒரு தோட்டத்துப் பெட்டைக்காக உன்ர பிழைப்பை நீயே கெடுக்கிறியோ? ஊரில உன்ர அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

“பிழை என்ர, மாமா. தண்ணியைச் சோதிக்காமல் குழாயைப் பூட்டினது நான். அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு சொன்னது, நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள். பிறகு உங்களுக்குப் பயந்து பழியை அதின்ர தலையில போட்டதும் நான்தான்.”

“தாமிரம் எங்க இருந்து வந்தது? ஆர் செய்தது?”

பிரியந்தி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“மலையெல்லாம் அடிக்கிற மருந்து. மழை பெய்தால் எங்கயும் வரும். அதைத்தான் கீழ நாப்பது குடும்பம் குடிக்குது. அதைக் கேளுங்கோ, மாமா, தோட்டத்தில போய்.”

“இனி இந்தப் பக்கம் வராதே,” என்றார் ஜெயரத்தினம் கடைசியில். வெளியே வந்தபோது வாசலில் நின்றவளைக் கண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “நாளைக்கு வேலைக்கு வா,” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் வெள்ளை எலும்புகளுக்கு நடுவே இரண்டு மீன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

பின்வாசலில், பீப்பாயருகே நின்றான் சாருஜன். அன்று போலவே முழங்கால் வரை சேறு. ஆனால் ஜக்கைத் தொடவில்லை.

“குழாயைக் கழட்டிட்டன். மெஷின் இனிப் பீப்பாயிலயிருந்துதான் இழுக்கும். அதில என்ன தண்ணி, எண்டைக்கு நிரப்புறது எண்டு முடிவு எடுக்கிறது நீங்கள்.” பெட்டியைக் கையில் எடுத்தான். “நான் போறன். போக முதல் ஒண்டு… உங்களை எனக்கு விருப்பம். முதல் நாளே, நீங்கள் ஏசினபோதே விருப்பம். விருப்பம் வைச்ச ஆளையே நான் காட்டிக் குடுத்தன். அதைச் சொல்லாமல் போகேலாது.”

மழை தூற ஆரம்பித்தது. பிரியந்தி ஜக்கை எடுத்தாள். மீனுக்கு வைத்த தண்ணீரை மொண்டு, அவன் காலில் மெல்ல ஊற்றினாள். சேறு கரைந்து ஓடியது. அவள் கண்ணீரும் கூடவே ஓடியது.

“சவுக்காரக் கைன்னு சொன்னீங்களே…” அவள் நிமிரவில்லை. “மேனேஜர் ஏசுனது எனக்கு வலிக்கலங்க. கண்டாக்கு தொரத்துனது வலிக்கல. நீங்க சொன்னதுதான்… ஏன்னு இத்தன நாளா யோசிச்சேன். அன்னைக்கும் ஒங்களப் புடிச்சிருந்திச்சி. அதான்.”

அவன் ஈரக் காலோடு அவள் பக்கம் ஓரடி வைத்தான்.

“மறக்க நாளாகுங்க.”

“ஆகட்டும்.”

“மாசக் கணக்காகும்.”

“ஆகட்டும்… நான் வந்து வந்து நிக்கிறன்.”

அவள் ஜக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வாங்க. அப்பாகிட்ட வந்து பேசுங்க. ஆனா வர்றப்ப…” குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே சிரிப்பும் வந்தது. “லயத்துக்குக் குடிக்க நல்ல தண்ணிக்கு ஒரு வழி பாத்துக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் என்னக் கேளுங்க.”