நான்காவது சிலிண்டர்

கேம் ஷாஃப்ட் மாற்றிய இன்ஜின், வண்டி நின்றபடி ஓடும் ஐடிலில் துள்ளும். அது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது ஒழுங்காகத் துள்ளியது. மூன்று அடி, ஒரு விடுதல். மூன்று அடி, ஒரு விடுதல். ஒரு பழுதுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கக் கூடாது என்று மெக்கானிக்குக் காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

இன்ஜின் புதியதல்ல. சுவரில் மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியது. ஓட்டியவனின் நெஞ்சுக்குள் ஸ்டியரிங் இறங்கிவிட்டதாக உடைசல் கடைக்காரன் சொன்னான். சொன்ன கையோடு, இன்ஜினில் ஒரு கீறல் இல்லை என்று தட்டிக் காட்டினான். மெக்கானிக்கின் தங்கை புருஷனுக்கு இரண்டாவது சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. அதைத் தன் காரில் பொருத்தி, டர்போ மாட்டி, மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

பட்டப்பகலிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. திறந்து வைத்தால் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். சைலன்சரில் மாட்டிய ரப்பர் குழாய் புகையை வெளியே தள்ளினாலும், வெந்த ஆயிலும் சூடேறிய பெயிண்டும் கலந்த ஒரு நெடி, அதற்கு அடியில் கழுவாத ஈரத்துணி போல் இன்னொரு நெடி, மெக்கானிக்கின் தொண்டையில் படிந்து இறங்க மறுத்தது. மாடியில் நிறைமாத வயிற்றோடு இருந்த தங்கை தரையைத் தட்டினாள்.

"உங்க வீட்டம்மா தட்டுறாங்க மாப்ள."

"இன்ஜினையாவது நீங்க ட்யூன் பண்ணிடுவீங்க மச்சான். உங்க தங்கச்சி பொறந்ததுலேருந்தே அப்படித்தானாமே." டிரைவர் சீட்டிலிருந்து மாப்பிள்ளை சிரித்தான். "பெட்ரோல் முள்ளு வேற கீழ படுத்திருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்கலாம்ல?"

"மூடுன ஷட்டருக்குள்ள டேங்க் நிறைய வச்சுக்கிட்டு வேலை பார்க்கிற பழக்கம் எனக்கில்ல. இது போதும்."

காற்றுக் கசிவு பார்த்தாகிவிட்டது. திராட்டிலைக் கழுவியாகிவிட்டது. லேப்டாப்பில் பெட்ரோல் அளவையும் டைமிங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. கடைசியில், பழைய வழிக்கே வந்தான். ஓடும்போதே, சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி கொடுக்கும் காயில்களின் இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினான். முதல் மூன்றிலும் இன்ஜின் தடுமாறியது. நான்காவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்திருந்தது.

காயில் பழுதா, சிலிண்டர் பழுதா? கண்டுபிடிக்க எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் செய்தான். வண்டியை அணைத்து, நான்காவது காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை நான்காவதிலும் மாட்டினான். காயிலில் கோளாறு என்றால், பழுது காயிலோடு இடம் மாறும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

பட்டு. ஒரு துள்ளல் இல்லை. இன்ஜின்மேல் இருந்த ஸ்பானர்கூட அசையவில்லை. லேப்டாப்பில் இன்ஜின் ஓட்டத்தைக் காட்டும் கோடு நேராகப் போனது.

"இப்பத்தான் கேட்க இதமா இருக்கு அண்ணே," என்று மாடியிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

அவனுக்கு மட்டும் இதமாக இல்லை. பழுது இரண்டாவதில் இல்லை. நான்காவதிலும் இல்லை. எங்கேயாவது போயிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை இருமினான். மூச்சு இழுத்தான். மூன்று மூச்சு. பிறகு ஒன்று வரவில்லை. மூன்று மூச்சு. ஒன்று வரவில்லை.

"மச்சான், நெஞ்சை என்னமோ அழுத்துது."

"அணைங்க. வண்டியை அணைங்க மாப்ள."

சாவி திரும்பியது. இன்ஜின் நின்றது. மாப்பிள்ளையின் தலை ஸ்டியரிங்கில் விழுந்து ஹாரன் அலறியது. மூக்குத்தண்டு உடைந்து ரத்தம் மீட்டர்மேல் தெறித்தது. மெக்கானிக் அவனை நிமிர்த்திப் பார்த்தான். மூச்சே இல்லை. நாடி இல்லை. கன்னத்தில் அறைந்தான், நெஞ்சில் குத்தினான், பெயர் சொல்லிக் கத்தினான். வேறெதுவும் தோன்றாமல் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் பிடித்தது. மாப்பிள்ளையும் பிடித்துக்கொண்டான், நீருக்குள்ளிருந்து எழுந்தவன் போல வாயைப் பிளந்து.

காயில்களை மறுபடி மாற்ற வேண்டும். பழுதை வந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும். அணைக்க முடியாது. ஓடும்போதே மாற்ற வேண்டும். முன்னால் ஓடி, நான்காவதைப் பிடுங்கினான்.

உள்ளே விறகு முறிவது போல் ஒரு சத்தம். இன்ஜினில் இல்லை. சீட்டில். மாப்பிள்ளையின் விலா எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் அலறிய அலறலை இன்ஜின் விழுங்கிவிட்டது. அது இன்னும் ஓடியது, நேராக, பட்டாக.

இரண்டாவதைப் பிடுங்கினான். இன்னொரு சத்தம். வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்து மடியில் கொட்டியது.

இரண்டையும் இருந்தபடியே மாட்டினான். எலும்பு உள்ளே போகவில்லை.

ஜன்னலுக்கு வந்தான். மாப்பிள்ளையின் கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. மனிதப் பிடி இல்லை அது. எலும்பு நொறுங்கும் பிடி.

"அணைச்சிடாதீங்க மச்சான்."

"அணைக்க மாட்டேன். விடுங்க. பெட்ரோல் வாங்கிட்டு வரணும். கையை விடுங்க மாப்ள."

அவன் விடவில்லை. கண்கள் திறந்திருந்தன; அவற்றில் கேட்கும் ஆள் இல்லை. மணிக்கட்டில் ஏதோ சரசரவென்று உடைந்தது. ஷட்டர் நான்கடி தூரத்தில் இருந்தது.

ரத்தம் வழிந்த மீட்டரைப் பெருவிரலால் துடைத்தான். முள் அடிக்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து.

"சரியாகிடுச்சுல்ல? அதை நிறுத்திட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்களேன்."

பெட்ரோல் தீரத் தீர இன்ஜின் மறுபடி துள்ளியது. மூன்று அடி.

ஒரு விடுதல்.